“பரிதாபமாக இருந்தது” என்று டாம் ராபின்சன் சொன்னபோது

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை அறத்துணிவுக்கு இலக்கணம் என்கிறார்கள். ஆனால் வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபிஞ்ச் வழக்கில் தோற்றுப் போகிறார். அவர் காப்பாற்ற முயன்ற டாம் ராபின்சன் செத்துப் போகிறான். அப்படியானால் அந்தத் துணிவால் என்ன பயன்? ஒரு நல்ல வெள்ளைக்காரரைப் புகழ எழுதிய கதைதானா இது?”

உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு வினைமுற்றுகளிலிருந்தே தொடங்குகிறேன். அட்டிகஸ் ‘போகிறார்’, டாம் ‘போகிறான்’. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நாவலை வகுப்பில் நடத்திய முதல் சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் பேசினேன். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பிரதிப்பெயர். தமிழிலோ ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் ஒருவருக்கு மரியாதை கொடுப்பதா, வேண்டாமா என்று தீர்மானித்தாக வேண்டும். டாம் ராபின்சனுக்கு 25 வயது. கறுப்பினத்தவர், மணமானவர், மூன்று குழந்தைகளின் தகப்பன். நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கில்மர் அவரைப் ‘பையா’ என்ற பொருள் தரும் சொல்லால்தான் கூப்பிடுகிறார். தமிழில் அதன் நஞ்சு முழுவதும் இறங்க வேண்டுமென்றால் ‘டேய்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். டாமுக்கு வேலை கொடுத்த லிங்க் டீஸ் நல்ல மனிதர். விசாரணையின் நடுவே எழுந்து நின்று, எட்டு வருடமாக என்னிடம் வேலை செய்கிறான், ஒரு தொல்லையும் இல்லை என்று உரக்கச் சொல்லி, நீதிபதியிடம் திட்டு வாங்கி வெளியேற்றப்படுகிறார். அவர் வாயிலும் டாம் ‘அந்தப் பையன்’தான்.

கில்மர் பேசும் தொனியைக் கேட்டு டில் என்ற சிறுவன் அழத் தொடங்குகிறான். அவனை வெளியே அழைத்துவரும் ஸ்கவுட், கதையைச் சொல்லும் அந்தச் சிறுமி, “என்ன இருந்தாலும் அவர் கறுப்பர்தானே” என்கிறாள். அட்டிகஸின் சொந்த மகள்! நாவலில் என்னை மிகவும் உலுக்கிய வரிகளில் இதுவும் ஒன்று. அப்பா வீட்டில் எவ்வளவு நல்லது சொன்னாலும், ஊர் காற்றில் கலந்து வைத்திருப்பதைக் குழந்தை மூச்சோடு இழுத்துக்கொள்கிறாள்.

இந்தப் பதில் முழுவதும் டாமை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். ஏனென்றால் இந்த நாவலின் மிகப் பெரிய துணிவு அவருடையது என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் பதில். அட்டிகஸின் துணிவு உண்மையானது, அதைக் குறைக்க மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதலில் வழக்கு. 1930களின் நடுப்பகுதி, அலபாமா மாநிலம், மேகோம்ப் என்ற கற்பனை ஊர். ஊர்க் குப்பைமேட்டை ஒட்டி வாழும் வறிய வெள்ளைக் குடும்பம் யூவெல் குடும்பம். தகப்பன் பாப் யூவெல் குடிகாரர். மூத்த மகள் மேயெல்லாவுக்கு 19 வயது. தாய் இல்லை, தோழி இல்லை, கூடப் பிறந்தவர்களை வளர்ப்பதே வாழ்க்கை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்த வீட்டைக் கடக்கும் டாமை அவள் கூப்பிட்டு விறகு பிளக்கவும் தண்ணீர் கொண்டுவரவும் சொல்வாள். அவர் காசு வாங்கியதில்லை. ஒரு வருடம் ஐந்து சென்ட் நாணயங்களாகச் சேர்த்து, பிள்ளைகளை ஐஸ்கிரீம் வாங்க ஊருக்குள் அனுப்பிவிட்டு, ஒருநாள் டாமை உள்ளே அழைக்கிறாள். கட்டிக்கொண்டு முத்தமிடுகிறாள். தகப்பன் ஜன்னல் வழியே பார்த்துவிடுகிறார். டாம் ஓடிவிடுகிறார். மகளை அடித்து நொறுக்கிய தகப்பன், கறுப்பர் ஒருவர் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டதாக ஷெரீஃபிடம் போய்ச் சொல்கிறார். அந்தக் காலத்து அலபாமாவில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை.

காயங்கள் அவள் முகத்தின் வலப்பக்கத்தில் இருந்தன. அடித்தவர் இடக்கைப் பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் பாப் யூவெலைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் அட்டிகஸ். அவர் இடக்கையால் போடுகிறார். டாமின் இடக்கையோ, சிறுவயதில் பருத்திக்கொட்டை பிரிக்கும் எந்திரத்தில் சிக்கிச் சிதைந்து, வலக்கையைவிட ஓர் அடி குட்டையாகத் தொங்குகிறது. பைபிள் மீது வைத்துச் சத்தியம் செய்யப் போகும்போது அந்தக் கை வழுக்கி விழுகிறது. மருத்துவரை யாரும் அழைக்கவில்லை. சான்று என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் குற்றவாளி என்றே தீர்ப்பு.

இனி 19ஆம் அத்தியாயம். தன் தரப்புச் சாட்சியாக அட்டிகஸ் நிறுத்துவது டாம் ஒருவரை மட்டுமே. குறுக்கு விசாரணையில் கில்மர் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்: கூலி இல்லாமல் ஏன் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு வேலை செய்தாய்? டாம் முதலில் தயங்குகிறார். அவளுக்கு உதவ யாரும் இல்லாததுபோல் தெரிந்தது என்கிறார். கில்மர் விடவில்லை. கடைசியில் டாம் சொல்லிவிடுகிறார்: அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது, அந்த வீட்டில் மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் பாடுபட்டதுபோல் தெரிந்தது.

கில்மர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறார். “உனக்கு அவள் மீது பரிதாபமா?” என்று திரும்பக் கேட்டுவிட்டு, அது தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருக்கும் பொதுமக்களான ஜூரிகளின் மனதில் இறங்கட்டும் என்று நீண்ட நேரம் பேசாமல் நிற்கிறார். கீழே உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று எழுதுகிறார் ஹார்ப்பர் லீ. தான் தவறிவிட்டதை டாமும் அந்தக் கணமே உணர்ந்துவிடுகிறார்.

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் நிறுத்திவிடுவேன். என்ன தவறு செய்துவிட்டார் அவர்? பரிதாபம் மேலே இருப்பவர் கீழே இருப்பவர் மீது காட்டுவது. பசித்த வயிறு, அடிவாங்கும் உடல், தனிமை எல்லாம் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு இருந்தாலும், தோலின் நிறத்தால் அவள் டாமைவிட மேலே நின்றாக வேண்டும். அந்தப் படிக்கட்டின் மீதுதான் அந்த ஊரே கட்டப்பட்டிருக்கிறது. பாப் யூவெலைப் போன்றவருக்கு ஊரில் இருக்கும் ஒரே சொத்து அந்தப் படிதான். டாம் அவளை மனுஷியாகப் பார்த்து இரங்கினார். அதைச் சபையில் வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். மருத்துவச் சான்று இல்லாத வழக்கில் ஜூரிகளுக்குத் தேவையாக இருந்த குற்றத்தை அந்த ஒரு வாக்கியம் தந்துவிட்டது.

வேறு பதில்கள் அவரிடம் இல்லாமல் இல்லை. ஐந்து சென்ட் கொடுப்பாள் என்று போனேன் எனலாம். வெள்ளைக்காரப் பெண் கூப்பிட்டால் மறுக்கப் பயம் எனலாம். ஜூரிகளுக்கு இரண்டும் பழகிய பதில்கள், யாரையும் உறுத்தாதவை. அவர் உண்மையைச் சொன்னார். அது வாய்தவறி வந்தது, துணிவு ஆகாது என்று சிலர் வாதிடுவார்கள். நான் ஏற்கவில்லை. அதற்குச் சற்று முன்னும் பின்னும் அவர் பேசுவதைக் கவனியுங்கள். மேயெல்லா பொய் சொல்கிறாளா என்று கில்மர் பொறி வைக்கிறார். ஆம் என்றால், வெள்ளைப் பெண்ணைப் பொய்காரி என்ற கறுப்பர் ஆகிவிடுவார். இல்லை என்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார். டாமின் பதில்: அவள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை, அவள் மனம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கேள்வி எத்தனை முறை வந்தாலும் இதே பதில். நயத்தையும் விடவில்லை, உண்மையையும் விடவில்லை. தூக்குக்கயிறு கண்முன் தொங்கும்போது இப்படிப் பேசும் மனிதர் என்ன பேசுகிறோம் என்று அறியாமல் பேசவில்லை.

ஏன் ஓடினார், ஏன் பயந்தார் என்று அதற்கு முன் அட்டிகஸ் கேட்டபோது, என்னைப் போல் கறுப்பாக இருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள் என்கிறார். பயத்தை மறைக்கவும் இல்லை. அடித்துத் தடுத்தால் கொலை, நின்றால் கொலை, ஓடினால் குற்றத்தின் அடையாளம். இந்த மூன்றில் ஒன்றைத்தான் அவருக்கு உலகம் கொடுத்திருந்தது.

துணிவு என்றால் என்ன என்பதை இதே நாவல் முன்பே சொல்லிவைக்கிறது. முதல் பகுதியின் கடைசியில் திருமதி டுபோஸ் என்ற கிழவி வருகிறார். வாயைத் திறந்தால் வசை, அதிலும் இனவெறி வசை. நோய்க்காக எடுத்துக்கொண்ட மார்ஃபினுக்கு அடிமையானவர், சாகும் முன் அதிலிருந்து விடுபட்டே தீருவேன் என்று வலியோடு போராடி அப்படியே இறக்கிறார். துப்பாக்கி ஏந்தியவனைத் துணிவுள்ளவன் என்று நினைக்காதே, தொடங்கும் முன்பே தோல்வி உறுதி என்று தெரிந்தும் தொடங்கிக் கடைசிவரை நிற்பதே துணிவு என்று அட்டிகஸ் தன் மகன் ஜெம்மிடம் சொல்கிறார். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டுதான் எல்லோரும் அட்டிகஸை அளக்கிறார்கள். அதே கோலை டாமிடமும் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்கிறேன்.

அட்டிகஸ் என்ன விலை கொடுத்தார்? ஊர் ஏசியது. பிள்ளைகள் பள்ளியில் அவமானப்பட்டார்கள். பாப் யூவெல் முகத்தில் துப்பினார். கடைசியில் பிள்ளைகளைக் கொல்லவே பார்த்தார். இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் 26ஆம் அத்தியாயத்தில் பலர் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு செய்தி இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அட்டிகஸை மாநிலச் சட்டமன்றத்துக்கு வழக்கம்போல எதிர்ப்பின்றித் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தக் காலத்து உண்மையான அலபாமாவில் வேறு மாதிரி நடந்தது. 1931 மார்ச் 25 அன்று சரக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒன்பது கறுப்பினப் பதின்வயதினர், இரண்டு வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று சொல்வது இதைத்தான். இரண்டு வாரத்துக்குள் விசாரணை தொடங்கி, நான்கே நாட்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மேல்முறையீட்டுக்குப் பின் 1933இல் நடந்த மறுவிசாரணையை நடத்தியவர் நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன். அந்தப் பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று அதே நீதிமன்றத்தில் வந்து சொன்னார். ஜூரிகள் அப்போதும் குற்றவாளி என்றார்கள். ஹார்ட்டன் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதி, அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். அதன் பிறகு நீதிபதி நாற்காலியில் உட்காரவே இல்லை. கதையில் வரும் அட்டிகஸுக்குக் கிடைத்த மன்னிப்பு உண்மையான ஹார்ட்டனுக்குக் கிடைக்கவில்லை. தன் ஊரிடம் ஹார்ப்பர் லீ கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டுவிட்டார் என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றும்.

ஆனாலும் அட்டிகஸின் துணிவு எது என்பதைப் புரிந்துகொள்ள இதே ஸ்காட்ஸ்பரோ வழக்குதான் திறவுகோல். நீதிபதி நியமித்ததால்தானே அவர் வாதாடினார், இதில் என்ன துணிவு என்று கேட்பவர்கள் உண்டு. நாவலிலேயே நீதிமன்றத்துக்கு வெளியே கூடியிருக்கும் கிழவர்கள் இதைப் பேசிக்கொள்கிறார்கள், ஸ்கவுட் ஒட்டுக்கேட்கிறாள். நியமிக்கப்பட்டதில் அவர்களுக்குக் குறை இல்லை. அட்டிகஸ் நிஜமாகவே வாதாடப் போகிறார் என்பதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை! அந்த ஒரு வரியில் முழுச் சரித்திரம் இருக்கிறது. 1931இல் அந்தப் பிள்ளைகளுக்கு வழக்கறிஞர்கள் பெயருக்கு இருந்தார்கள். ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர், அலபாமாச் சட்டமே பழக்கமில்லாதவர். இன்னொருவர் பல ஆண்டுகளாக வழக்கே நடத்தாத முதியவர். தயார் செய்ய நேரமே இல்லை. இது வாதாடுவதே ஆகாது என்றுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932இல் ‘பவல் எதிர் அலபாமா’ தீர்ப்பில் தண்டனைகளை ரத்து செய்தது. கறுப்பர் ஒருவருக்கு வழக்கறிஞர் வைப்பது சடங்கு, அதை முடித்துவிட்டுத் தூக்கில் போடலாம் என்பது ஊர் வழக்கம். அட்டிகஸ் அந்தச் சடங்கைப் பணியாக மாற்றினார். சிறை வாசலில் நாற்காலி போட்டு, விளக்கு மாட்டி, செய்தித்தாள் படித்துக்கொண்டு, டாமை இழுத்துப்போய்க் கொல்ல வரும் கும்பலுக்காகக் காத்திருந்தார். அந்த இரவுக்காக அவரை எப்போதும் மதிப்பேன்.

அதேபோல, அவரைத் தெய்வமாக்குவதையும் ஏற்க மாட்டேன். கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது, அது வெறும் அரசியல் அமைப்பாக இருந்தது, பயமுறுத்த ஆள் கிடைக்காமல் கலைந்துவிட்டது என்பதுபோல் பேசிவிடுகிறார். அலபாமாவில் கிளான் எவ்வளவு பலமாக இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது வலிக்கும். இந்த நாவலுக்கு முன்பே ஹார்ப்பர் லீ எழுதி, 2015இல்தான் வெளிவந்த ‘கோ செட் எ வாட்ச்மன்’ கையெழுத்துப் பிரதியில், முதிய அட்டிகஸ் இனப்பிரிவினையை ஆதரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாசகர்கள் பலர் ஏமாற்றப்பட்டதாக அழுதார்கள். எனக்கு அவ்வளவு அதிர்ச்சி வரவில்லை. ஒவ்வொரு மனிதரிடமும் தனித்தனியே மரியாதையாக நடந்துகொண்டு, அந்த மனிதர்களை நசுக்கும் ஏற்பாட்டை அப்படியே விட்டுவிடுவது பல நல்லவர்களால் முடிகிற காரியம். முதலில் வெளிவந்த நாவலின் அட்டிகஸிடமே அதன் விதை இருக்கிறது. ஊரார் அடிப்படையில் நல்லவர்கள், கொஞ்சம் பார்வைக்கோளாறு, அவ்வளவுதான் என்று கும்பலில் வந்தவர்களைப் பற்றியே அவரால் பேச முடிகிறது.

ஹார்ப்பர் லீக்கு இந்தச் சூழல் புத்தகத்தில் படித்தது அல்ல. 1926இல் அலபாமாவின் மன்றோவில் ஊரில் பிறந்தவர். தந்தை அமாசா லீ வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர். 1919இல், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தந்தைக்கும் மகனுக்கும் அவர் வாதாடித் தோற்றார், இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பிறகு அவர் குற்ற வழக்கே எடுக்கவில்லை. மகளுக்கு ஏழு வயதானபோது, 1933இல், வால்ட்டர் லெட் என்ற கறுப்பினத் தொழிலாளி வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக அதே ஊரில் கைது செய்யப்பட்டு மரண தண்டனை பெற்றார். அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது, ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் காவலிலேயே இறந்துபோனார்.

நாவலின் பெரிய குறை என்று நான் நினைப்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பினத்தவரின் துணிவு இதில் நிறைய இருக்கிறது, ஆனால் கதை அதை வெளியிலிருந்தே பார்க்கிறது. விடுதலை பெற்ற அடிமைகள் தங்கள் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய தேவாலயம் அவர்களுடையது. டாமின் மனைவி ஹெலனுக்கு யாரும் வேலை தராதபோது, பத்து டாலர் சேரும்வரை போதகர் சைக்ஸ் கதவைச் சாத்திவைத்து வசூலிக்கிறார். பாட்டுப் புத்தகம் வாங்கக்கூட வழியில்லாத சபை அது. தீர்ப்புக்கு அடுத்த காலையில் அட்டிகஸ் வீட்டுப் பின்வாசல் கோழியும் பன்றி இறைச்சியும் தக்காளியும் ரொட்டியுமாக நிறைந்திருக்கிறது. பஞ்ச காலத்தில் தங்கள் வயிற்றைக் கட்டிக் கொண்டுவந்து வைத்தது. அட்டிகஸின் கண் கலங்குகிறது. கொண்டுவந்தவர்கள் தங்களுக்குள் முந்தைய இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று நமக்குத் தெரியாது. டாம் இறந்த செய்தி கேட்டு ஹெலன் மண்ணில் சரிகிறார். எறும்பை மிதித்ததுபோல் இருந்தது என்று ஒரு சிறுவன் வந்து சொல்லித்தான் அதையும் அறிகிறோம். ஹெலனுக்குச் சொல் இல்லை. கல்பர்னியா என்ற பணிப்பெண் அட்டிகஸின் பிள்ளைகளை வளர்க்கிறார், தன் மகனுக்குச் சட்டப் புத்தகத்தைக் கொண்டே எழுத்தறிவித்தவர். அவர் வீட்டுக்குள்ளும் நாம் போவதில்லை. சொல்பவள் வெள்ளைச் சிறுமி என்பது காரணம்தான். அந்தச் சிறுமியைச் சொல்பவளாகத் தேர்ந்ததும் ஒரு முடிவுதான்.

ஆகவே ‘நல்ல வெள்ளைக்காரரின் கதையா’ என்ற உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. கதை அட்டிகஸ் முகத்தின் மீது வெளிச்சம் அடிக்கிறது. 1962இல் வந்த திரைப்படத்தில் கிரிகரி பெக் அந்த முகமாகவே ஆகி ஆஸ்கர் பெற்றார். வெளிச்சம் விழாத பக்கத்திலும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி, என்ன பயன் என்ற கேள்வி. நாவல் இதற்குக் கறாரான விடை ஒன்று வைத்திருக்கிறது. ஜூரிகள் உடனே திரும்பவில்லை, சில மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். வழக்கமாகச் சில நிமிடம்தான் என்கிறார் அட்டிகஸ். முந்தைய இரவு கும்பலோடு வந்த கன்னிங்ஹாம் குடும்பத்தின் உறவினர் ஒருவரே விடுதலைக்காக வாதாடியிருக்கிறார். இதைப் படித்து மனம் நிறைவது எளிது. ஆனால் ஹார்ப்பர் லீ நம்மை அங்கே இருக்கவிடவில்லை. மேல்முறையீட்டில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அட்டிகஸ் நம்பிக்கொண்டிருக்கும்போது, டாம் பண்ணைச் சிறையின் வேலியேறித் தப்ப முயன்று சுடப்படுகிறார். உடலில் பதினேழு குண்டுகள். வெள்ளையர் தரும் வாய்ப்புகளில் டாம் சலித்துவிட்டிருப்பார், தன் வாய்ப்பைத் தானே எடுத்துக்கொள்ள நினைத்திருப்பார் என்கிறார் அட்டிகஸ். சில மணி நேரத் தாமதம் வரலாற்றுக்கு முன்னேற்றமாக இருக்கலாம். மூன்று குழந்தைகள் இருந்த அந்த வீட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பதால்தான் இந்த நாவலை இன்னும் மதிக்கிறேன்.

டாமின் துணிவை இன்னும் துல்லியமாகப் பார்க்க, நாவல் வெளிவருவதற்கு ஐந்தாண்டு முன் நடந்த ஓர் உண்மைச் சாட்சியத்தை எப்போதும் அதனருகே வைப்பேன். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயது எம்மெட் டில், வெள்ளைப் பெண்ணிடம் துடுக்காக நடந்ததாகச் சொல்லி நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அந்த வீட்டின் பெரியவர் மோஸ் ரைட், 64 வயது, குத்தகைக்குப் பருத்தி பயிரிடுபவர். செப்டம்பரில் சம்னர் என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் முழுக்க வெள்ளையரான ஜூரிகள் முன்னால், உன் வீட்டுக்கு வந்தவர் இங்கே இருக்கிறாரா என்ற கேள்வி வந்தபோது, அவர் எழுந்து நின்று கையை நீட்டி, அதோ இருக்கிறார் என்று அந்த வெள்ளைக்காரரைச் சுட்டினார். அந்தக் கணத்தைக் கறுப்பினப் புகைப்படக்காரர் எர்னஸ்ட் விதர்ஸ் எடுத்த படம் இருக்கிறது. நீட்டிய கை, நிமிர்ந்த உடல். ஜூரிகள் சுமார் 67 நிமிடத்தில் குற்றவாளிகளை விடுவித்தார்கள். கொன்றது தாங்கள்தான் என்று அவர்களே அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். மோஸ் ரைட் பருத்தியை வயலிலேயே விட்டுவிட்டு மிசிசிப்பியை விட்டு வெளியேறினார்.

அவர் சாட்சி சொன்னதால் வழக்கு வெல்லவில்லை. ஆனால் அந்தப் படமும், எல்லோரும் பார்க்கட்டும் என்று எம்மெட்டின் தாய் திறந்துவைத்த சவப்பெட்டியும் ஒரு தலைமுறையைத் தெருவுக்கு இழுத்துவந்தன. அதே டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்தார்.

கதை நடந்த மண்ணுக்கே திரும்பினால், ஹார்ப்பர் லீ பிறந்த மன்றோவில் என்ற ஊர் இந்த நாவலைக் கொண்டாடுகிறது. பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். நாவலை நாடகமாக ஆண்டுதோறும் அங்கே நடிக்கிறார்கள், பார்வையாளர்களிலிருந்தே ஜூரிகளைத் தேர்ந்து உட்காரவைக்கிறார்கள். அதே ஊரில் 1986இல் வெள்ளை இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கைதானவர் வால்ட்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பின மரத்தொழிலாளி. கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில், தேவாலயத்துக்காக மீன் பொரித்து விற்ற இடத்தில் இருந்தார். பார்த்தவர்கள் பலர், எல்லோரும் கறுப்பினத்தவர். அவர்கள் நீதிமன்றத்துக்கு வந்து சொன்னார்கள். விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரிகள் ஆயுள் தண்டனையைப் பரிந்துரைத்தார்கள், நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். அரசுத் தரப்புச் சாட்சி பொய் என்று காட்ட முன்வந்த ஒருவரையே பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். மாண்ட்கமரியில் பணியாற்றிய கறுப்பின வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் பல ஆண்டுகள் போராடி, 1993இல் அவரை விடுதலை செய்ய வைத்தார். மரண தண்டனைக் கைதியாக அவர் கழித்தது ஆறு ஆண்டுகள். தான் எந்த நாவலுக்குப் பெயர்பெற்றது என்பதை அந்த ஊர் அந்த ஆண்டுகளில் மறந்திருக்கவில்லை.

அட்டிகஸைக் கொண்டாடுவது அந்த ஊருக்கு எளிதாக இருந்தது. மீன் பொரித்த இடத்தில் இருந்தவர்களின் சொல்லை நம்புவது முடியாமல் போனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும், டாமின் சொல்லுக்கு எதிரே மேயெல்லாவின் சொல்லை வைத்த அதே தராசுதான்.

உங்கள் கட்டுரைக்கு ஓர் ஆலோசனை. அட்டிகஸின் நிறைவுரை இருக்கும் 20ஆம் அத்தியாயத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் 19ஐ எடுங்கள். டாம் சொல்வதை மட்டும், கில்மரின் கேள்விகளை நீக்கிவிட்டு, தமிழில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வினைமுற்றிலும் ‘அவர்’ போட்டு எழுதுங்கள். பரிதாபமாக இருந்தது என்று அவர் சொல்லும் இடம் வரும்போது, ‘மேயெல்லா’ என்று வெறும் பெயர் எழுதுவதா, ‘மேயெல்லா அம்மா’ என்று எழுதுவதா என்று உங்கள் கை ஒரு கணம் நிற்கும். டாம் அவளை ஒரு முறைகூட அடைமொழி இல்லாமல் சொல்வதில்லை.